கோசல மன்னரின் கடைசிக் கவளமா, மதியத்தோடு நிறுத்தும் விரதமா?

எடையைக் குறைக்க வேண்டும், வாயைக் கட்ட முடியவில்லை என்று பௌத்தத்தின் பக்கம் திரும்புகிறவர்களுக்கு அங்கே ஒரு வழி அல்ல, நான்கு வழிகள் கிடைக்கின்றன. மதியத்துக்குப் பின் உண்ணாமல் இருப்பது, உணவின் அருவருப்பைத் தியானிப்பது, ஆசை எழும்போது அதையே உற்றுக் கவனிப்பது, புத்தர் காலத்துக் கோசல நாட்டு மன்னர் பசேனதி செய்ததுபோல் அளவைப் படிப்படியாகக் குறைப்பது. இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மைண்ட்ஃபுல் ஈட்டிங்' (விழிப்போடு உண்பது) என்று கொடுத்துவிடுகிறார்கள். அது சரியில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களுக்குச் சொன்னது. வேறு வேறு நோய்க்கு மருந்து. வீட்டில் சோறு வடித்துச் சாப்பிடுகிற ஒருவருக்கு எடை இறங்க வேண்டுமென்றால், என் கட்சி பசேனதி கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பசி வேறு, தின்னும் ஆசை வேறு. புத்தரின் வாக்குகளைத் தொகுத்த தம்மபதத்துக்கு எழுதிய பழைய விளக்கவுரையில் ஆளவி ஊர் உழவர் ஒருவர் வருகிறார். காணாமல்போன மாட்டைத் தேடி அலைந்துவிட்டு, களைத்துப்போய்ப் புத்தரின் உரை கேட்க வந்து நிற்கிறார். புத்தர் உரையைத் தொடங்கவே இல்லை. முதலில் அவருக்குச் சோறு போடச் சொன்னார்; அவர் வயிறு நிறைந்த பிறகே பேசினார். நோய்களில் பெரியது பசி என்ற வரி அங்கேதான் வருகிறது. நம் மணிமேகலை பசியைப் பிணி என்று சொல்வதும் இதே மரபில்தான். ஆகவே பட்டினி போடச் சொல்லும் எந்தத் திட்டத்தையும் பௌத்தத்தின் பெயரில் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மதியத்தோடு நிறுத்துவது

பலருக்கும் முதலில் பிடித்துப்போவது இதுதான். கணக்குப் பார்க்க வேண்டாம், தராசு வேண்டாம், கடிகாரம் போதும். இலங்கையில் போயா என்ற பௌர்ணமி நாளில் 'சில்' எடுப்பவர்கள், அதாவது அன்றைக்கு நோன்பு விதிகளை ஏற்பவர்கள், வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய், நண்பகலுக்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலை வரை திட உணவு கிடையாது. மாலையில் கிலன்பச என்ற பானம் மட்டும் உண்டு.

இந்த விதி துறவிகளுக்கே எளிதாக இருக்கவில்லை. உதாயி என்ற பிக்கு தன் பழைய வருத்தத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: நல்ல சமையலெல்லாம் இரவில்தான் நடக்கிறது, பகலில் கொஞ்சம்தான். இன்றைக்கும் அதே கதைதான். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் நேரம் இரவுதான். பிள்ளைகள் தோசைக்குக் காத்திருக்கும்போது அப்பாவோ அம்மாவோ மட்டும் தள்ளி உட்கார்ந்தால், அந்த வீட்டில் இது நீடிக்காது.

உடலுக்கு நன்மை இல்லையா என்றால், உண்டு. நீரிழிவின் வாசலில் இருந்த ஆண்கள் சிலரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால் அன்றைய உணவை அவர்கள் முடித்துக்கொண்டார்கள். எடை குறையாமலேயே இன்சுலின் செயல்பாடும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. மாலையில் தின்னும் ஆசையும் குறைந்தது. ஆனால் எடைக்கு? 2022-இல் வெளிவந்த சீன ஆய்வில் 139 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருமே கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பாதியினர் கூடுதலாகக் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டும் சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்திருந்தது. புள்ளியியல்படி இந்த வித்தியாசம் உறுதியானது அல்ல. வேலை செய்தது பெரும்பாலும் அளவுதான், கடிகாரம் இல்லை.

இதற்கு இன்னும் பெரிய சாட்சி தாய்லாந்து. மதியத்துக்குப் பின் உண்ணாத பிக்குகளிடையே உடல் பருமன் அங்கே நாடறிந்த பிரச்சினை. சுலலாங்கோர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பருமனாக இருந்தார்கள். மக்கள் தானமிடும் இனிப்பும் கொழுப்பும் நிறைந்த உணவு ஒரு காரணம். மாலையில் அனுமதிக்கப்பட்ட சர்க்கரைப் பானங்கள் இன்னொன்று. நிலைமை முற்றி, 2017-இல் பிக்குகளுக்கென்றே தனியாக ஒரு சுகாதாரச் சாசனம் கொண்டுவந்தார்கள். இரவு உணவை விட்டுவிட்டு ஹார்லிக்ஸும் ஜூஸும் குடிக்கிற நம் ஆட்களுக்கும் இதேதான் நடக்கும்.

அப்புறம், விதி உடைந்த பிறகு வரும் ஆபத்து. 1975-இல் வெளியான ஒரு பரிசோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு எல்லோரையும் வேண்டிய அளவு ஐஸ்கிரீம் சாப்பிட விட்டார்கள். மில்க்ஷேக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட அதிகமாகத் தின்றார்கள். 'அதான் போச்சே' என்ற மனம்தான். இரவு ஒன்பது மணிக்கு ஒரு இட்லி உள்ளே போனால் விரதம் முறிந்தது. முறிந்த பிறகு நாலு இட்லி ஆனால் என்ன? முழுத் தடை எப்போதும் இந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

அருவருப்பை நினைப்பது

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பயிற்சி நூல், உணவின் அருவருப்பைப் பத்துக் கோணங்களில் நினைக்கச் சொல்கிறது. வாய்க்குள் அரைபட்டுக் கிடக்கும் கவளத்தை மனக்கண்ணில் பார்ப்பது அதில் ஒன்று. விடுதலை தேடும் துறவிக்குச் சொன்ன தியானம் இது. இடுப்பளவு குறையச் சொன்னதல்ல. சாப்பாட்டோடும் உடம்போடும் ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பதினாறு வயதுப் பெண் கையில் இது கிடைத்தால் பெரிய கேடு. எடைக்காக யாருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிக்குகள் அன்றாடம் நினைத்துக்கொள்ளும் எளிய வாசகம் ஒன்று இருக்கிறது. விளையாட்டுக்காக அல்ல, செருக்குக்காக அல்ல, அழகுக்காக அல்ல, இந்த உடல் தங்கவே உண்கிறேன் என்பது அதன் சாரம். முதல் கவளத்துக்கு முன் இதை நினைத்துக்கொள்வதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆசையைக் கவனிப்பது

ஒன்றிலிருந்து ஒன்றாகத் துன்பம் பிறக்கும் சங்கிலியின் கண்ணிகளாக மணிமேகலை அடுக்கும் பன்னிரண்டு நிதானங்களில் ஊறு (புலனில் படுவது), நுகர்வு, வேட்கை, பற்று என்று நான்கு அடுத்தடுத்து வரும். மாலை நாலரை மணிக்கு மிக்சர் டப்பாவின் முன் நடப்பது இதுதான். மூடியைத் திறந்ததும் பெருங்காய வாசனை மூக்கில் படுகிறது. நாக்கில் ஒரு சுகம் ஊறுகிறது. அது வேண்டும் என்று மனம் இழுக்கிறது. கை உள்ளே போய்விடுகிறது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. அங்கே நின்று பார்க்கச் சொல்கிறது இந்த வழி. இழுப்பு எங்கே தெரிகிறது, தொண்டையிலா, வயிற்றிலா? ஏறுகிறதா, இறங்குகிறதா? எதிர்க்காமல், அடிபணியாமல் சில நிமிடம் பார்த்தால் பெரும்பாலும் அது தானே தணிகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட் குடி, புகை போன்ற பழக்கங்களிலிருந்து மீள்பவர்களுக்கு இதை ஒரு முறையாகவே கற்பித்தார். விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியானத்தில் ஈடுபாடு கொண்டவர் அவர்.

நொறுக்குத்தீனிக்கும் கவலையில் தின்பதற்கும் கட்டுப்பாடின்றி அள்ளித் தின்பதற்கும் இதைவிட நல்ல மருந்து இந்த நான்கில் இல்லை. எடை விஷயத்தில் மட்டும் அளவாகத்தான் எதிர்பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பருமனான 194 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. உணவு, உடற்பயிற்சித் திட்டத்தோடு கவனப் பயிற்சியையும் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் பதினெட்டாம் மாத எடையில் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. நம்மில் பலருக்கு எடை ஏறுவது ஆசை பொங்கியதால் அல்ல. ஆசையே இல்லாமல், பழக்கத்தில், தட்டு நிறையப் போட்டுக்கொள்ளும் சோற்றால். இழுப்பே இல்லாத இடத்தில் எதைக் கவனிப்பது?

பசேனதியின் வழி

புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது இந்தக் கதை. பசேனதி மன்னர் ஒரு வேளைக்கு துரோணம் என்ற பெரிய முகத்தலளவு நிறையச் சோறு உண்பவர். ஒருநாள் அப்படி உண்டுவிட்டு மூச்சு வாங்க புத்தரிடம் வந்து உட்கார்ந்தார். புத்தர் விரதம் இருக்கச் சொல்லவில்லை, திட்டவுமில்லை. எப்போதும் விழிப்போடு, கிடைத்த உணவில் அளவறிந்து உண்பவனுக்கு உபாதை குறையும், முதுமை மெல்ல வரும், ஆயுள் காக்கப்படும் என்று ஒரு பாடல் சொன்னார். மன்னர் பின்னால் நின்றிருந்த சுதஸ்ஸன் என்ற இளைஞனைக் கூப்பிட்டு, 'இதை மனப்பாடம் செய்து நான் சாப்பிடும்போது சொல், தினம் நூறு காசு தருகிறேன்' என்றார். மெல்ல மெல்ல, அதைவிடச் சிறிய அளவான ஒரு நாழிச் சோற்றுக்கு வந்து நின்றார்; உடல் இளைத்தது.

இந்தக் கதைக்கு எழுதிய பழைய விளக்கவுரை சொல்லும் விவரம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. பாடலைத் தொடக்கத்தில் சொல்லக்கூடாது, நடுவிலும் கூடாது. கடைசிக் கவளத்தை எடுக்கும்போது சொல்ல வேண்டும். மன்னர் அதைக் கீழே வைத்துவிடுவார். அந்தக் கவளத்தில் எவ்வளவு சோறோ, அடுத்த வேளைக்கு அவ்வளவு அரிசியைக் குறைத்து உலை வைக்க வேண்டும்.

இதில் எத்தனை புத்திசாலித்தனம்! வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் விடச் சொல்வதால் மறுப்பது சுலபம். குறைப்பது அரிசியில் என்பதால் அடுத்த வேளை தட்டின் முன் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, சோறும் வீணாகாது. ஒருநாள் தவறினால் உடைவதற்கு விதி எதுவும் இல்லை, மறுநாள் அதே அளவில் தொடரலாம். நம் வீட்டுக்கு வைத்துப் பார்த்தால், ஒரு சிறு பிடி அரிசி முப்பது கிராம் வைத்தாலும் நூறு கலோரிக்குப் பக்கம். தினமும் குறைக்க வேண்டாம், வாரம் ஒரு கவளம் குறைத்தாலே போதும். அந்த இடத்தில் பொரியலையும் பருப்பையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மதியத்தோடு நிறுத்தினாலும் சரி, அரிசியைக் குறைத்தாலும் சரி, முதலில் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும்.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு: வேகம் போதாது. அடுத்த மாதக் கல்யாணத்துக்குள் இளைக்க நினைப்பவருக்கு இது ஆகாது. மிக்சர் டப்பாவையும் இது தொடாது; அதற்கு ஆசையைக் கவனிக்கும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மதியத்தோடு நிறுத்துவதை மாதம் ஒருநாள் போயா தினத்தில் வைத்துக்கொண்டால், இரவில் உண்மையில் பசிக்கிறதா, பழக்கம்தானா என்று தெரிந்துகொள்ளலாம்.

சுதஸ்ஸன் வேலைக்கு வீட்டில் ஒருவரைப் பிடிப்பதுதான் சிரமம். 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்று சொல்லியே பழகியவர்கள் நம் வீட்டார்; அது அன்பு, குறை சொல்ல முடியாது. அவர்களில் ஒரே ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைத்தால் போதும். மோர்ச்சோற்றின் கடைசிக் கைக்கு வரும்போது 'போதுமா?' என்று அவர் கேட்க வேண்டும். உடம்பைப் பற்றி வேறு ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. எந்த அளவில் குறைப்பை நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பசேனதிகூட நாழியோடு நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு நாளெல்லாம் சோர்வாக இருந்தால் ஒரு பிடி அரிசியைத் திரும்ப உலையில் போட்டுவிடுங்கள்.