கட்சி டீசட்டையா, பாத்தேக்கா, சுங்குடிச் சேலையா?

தேர்தல் வேலைக்கு என்ன உடுத்துவது என்பதுதான் என் தலைவலி. மலேசியாவின் பினாங்கில் தேர்தல் ஆலோசகராகப் போய் நின்றால் முதல் நாளே ஒரு பை நிறைய டீசட்டையைக் கையில் திணித்துவிடுவார்கள். நான் தொண்டர் இல்லை, கணக்குப் பார்க்க வந்தவள் என்று சொன்னாலும் "எதுக்கும் ரெண்டு எடுத்துக்கோங்க அக்கா" என்பார்கள். எடுத்துக்கொள்வேன், கார் துடைக்க ஆகும்.

டீசட்டையில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேட்புமனு நாள் நெரிசலில் நம் ஆள் யார் என்று தேட வேண்டாம், வியர்த்தால் வேறு மாற்றலாம், காசும் நம்முடையது இல்லை. ஆனால் என்னைப்போல் கட்சிக்குக் கட்சி வேலை மாறுகிறவளுக்கு அது ஆபத்து. 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான், தேசிய முன்னணி என்ற இரு கூட்டணிகளும் எதிரெதிரே நின்றன. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, 2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தலில் பினாங்கின் 40 தொகுதிகளையும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு ஒரே அணியாக வந்தன. தலைவர்கள் கைகுலுக்கிவிட்டார்கள், சரி. போன தேர்தலில் நீங்கள் டீசட்டையோடு எடுத்த படத்தைப் புது வாடிக்கையாளர் கைப்பேசியில் காட்டினால் என்ன சொல்வீர்கள்?

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. டீசட்டையில் கதவைத் தட்டினால் எல்லாரும் "உங்களுக்குத்தான்மா ஓட்டு" என்பார்கள். பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பெருநிலத்தில் ஓர் அடுக்குமாடியில் ஒரு மாடி முழுக்க அப்படித்தான் சொன்னார்கள், முறுக்கு வேறு கொடுத்தார்கள். மறுநாள் அதே மாடிக்குச் சுங்குடிச் சேலையில் போனேன். யாருக்கு வேலை செய்கிறேன் என்பதை மறைக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஒரு பாட்டி முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "சின்னாளப்பட்டியா? எங்கம்மா கட்டுவாங்க" என்று ஆரம்பித்தவர், மருமகன் வேலை போனது, லிஃப்ட் ஓடாதது எல்லாம் சொல்லி, போன தடவை போட்ட கட்சிக்கு இந்தத் தடவை போடப்போவதில்லை என்பதில் வந்து முடித்தார். எனக்குச் சம்பளமே அந்தக் கடைசி வரிக்குத்தான்.

மெழுகும் சாயமும் வைத்துப் பூ வேலை செய்யும் பாத்தேக் துணி பத்திரமான உடுப்பு. வியாழக்கிழமையானால் அரசு அலுவலகம் முழுக்க அதுதான், விருந்து மண்டபத்திலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், நன்கொடையாளரைப் பார்க்கப் போகும்போது நானும் அதைத்தான் உடுத்துகிறேன். வீடு வீடாகப் போவதற்கு மட்டும் வேண்டாம். ஒருமுறை என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்து ஓர் ஐயா படிவங்களைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். கையால் மெழுகு வரைந்த பட்டு பாத்தேக் என்றால் இன்னும் கஷ்டம், செராமா என்ற அரசியல் பொதுக்கூட்டத் திடலில் மழை பிடித்தால் மேடைப் பேச்சு காதில் ஏறாது, மனசெல்லாம் சாயத்தின் மேல்தான் இருக்கும்.

அதனால் என் ஓட்டு சுங்குடிக்கு, கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து. படியேறலாம், வியர்வை இழுக்கும். தலைவலி நிறத்தில்தான். பச்சை என்றால் பாஸ் கட்சி, கருநீலம் தேசிய முன்னணி, இளநீலம் பிகேஆர் கட்சி, சிவப்பு ஹராப்பான். ஆரஞ்சு கட்டினால் இந்தியர் உரிமை கேட்ட 2007 இண்ட்ராஃப் பேரணி ஞாபகம் வரும். மஞ்சளைக் கேட்கவே வேண்டாம், 2015-இல் தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே 4 பேரணியின் மஞ்சள் சட்டைக்கு உள்துறை அமைச்சு தடையே போட்டது. பாக்கி இருப்பது ஊதாவும் காப்பித்தூள் நிறமும். லெபோ பாசார் தெருவில் என்னைக் கண்டாலே கடைத் தம்பி கேட்காமலே அந்த இரண்டையும் எடுத்துப் போடுகிறான்.

இன்னொரு தொல்லை, படங்களில் வேட்பாளரை விட்டுவிட்டு என் சேலையைப் பார்க்கிறார்கள் என்று ஒரு பிரச்சார மேலாளர் சடைத்துக்கொண்டார். நியாயம்தான். நாடே அறிந்த முன்னாள் பிரதமர் மகாதீரே சட்டையில் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு நடந்தவர், அந்த மாதிரி அடையாளம் வேட்பாளருக்கு அமைய வேண்டும், எனக்கு இல்லை. அதிலிருந்து கேமராவைக் கண்டால் பின்னால் போய் நின்றுகொள்கிறேன், சேலையை மாற்றவில்லை.

அப்புறம் வாக்களிப்பு நாள். கட்சிப் பெயரோ சின்னமோ உள்ள துணியை அன்று போடக்கூடாது என்கிறது 1954 தேர்தல் குற்றச் சட்டம். இரண்டு வாரம் டீசட்டையிலேயே சுற்றிய பிள்ளைகள் அன்று விடியற்காலையில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள், "அக்கா, என்ன கலர் போடறது?"