ஆர்32 ஜிடி-ஆரும் எஃப்டி ஆர்எக்ஸ்-7உம்: எந்த எஞ்சினோடு காலம் தள்ளலாம்?

சிட்னியில் தொண்ணூறுகளின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நிற்பார்: 1989இல் வெளிவந்த ஆர்32 நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், 1991இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த எஃப்டி மாஸ்டா ஆர்எக்ஸ்-7. நானும் அவ்வாறே நின்று, கடைசியில் மாஸ்டாவை வாங்கினேன். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று பாசாங்கு செய்யப் போவதில்லை. இரண்டும் வேகமானவை, இரண்டின் இன்றைய விலையும் நியாயமற்றது என்பவற்றை விளக்கத் தேவையில்லை.

பந்தய வரலாற்றை மட்டும் எடை போட்டால் ஜிடி-ஆரே முந்தும். விற்பனைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயங்களுக்கான குரூப் ஏ விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடிவமைக்கப்பட்ட கார் அது. டர்போ பொருத்திய எஞ்சினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கி, அந்தத் தொகைக்கேற்ப எடையையும் டயர் அகலத்தையும் விதிகள் நிர்ணயித்தன. முதலில் 2.4 லிட்டர் எஞ்சின்தான் திட்டத்தில் இருந்தது. நான்கு சக்கர இயக்கம் சேர்ந்து எடை கூடியதும், அதை ஈடுகட்ட 2,568 சிசி ஆக்கினார்கள். பெருக்கினால் ஏறத்தாழ 4,366 சிசி வரும். 4,500 சிசி வரம்புக்குள் அடங்கிவிடும். ஆறு சிலிண்டர் கொண்ட ஆர்பி26 எஞ்சினின் விசித்திரமான கொள்ளளவுக்கு இதுவே காரணம். அந்தக் கணக்கு பலித்தது: 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் தொடரில் நடந்த 29 பந்தயங்களையும் ஜிடி-ஆரே வென்றது. 1991இல் ஸ்பா 24 மணி நேரப் பந்தயமும் அதற்கே கிடைத்தது. இங்கே பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றார்கள். இரண்டாம் முறை மழையில் கார் மோதி நின்றபின், பந்தயம் நிறுத்தப்பட்டு முந்தைய சுற்றின் நிலவரப்படி வெற்றி அறிவிக்கப்பட்டதால், பரிசளிப்பு மேடையின்கீழ் கூடியிருந்த கூட்டம் கூச்சலிட்டது. அடுத்த ஆண்டே ஐந்து லிட்டர் வி8 கார்களை மையமாக்கிய விதிகள் வந்து, ஜிடி-ஆருக்கு இங்கே கதவு அடைபட்டது.

ஆர்எக்ஸ்-7இன் பந்தயக் கதை இப்படி ஒரே வீச்சில் நிகழ்ந்ததல்ல. முதல் தலைமுறைக் காரில் டாம் வாக்கின்ஷாவும் பியர் டியுடோனேயும் 1981இல் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார்கள். 1983இல் ஆலன் மொஃபட் ஆஸ்திரேலிய டூரிங் கார் பட்டத்தை அதே தலைமுறைக் காரில் கைப்பற்றினார். என்னைப் பொறுத்தவரை இவற்றைவிட முக்கியமானது, பெரிய அளவில் மாற்றப்படாத விற்பனைக் கார்களுக்கென நடந்த பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயம். 1992, 1993, 1994 ஆகிய மூன்று ஆண்டுகளும் அதை ஆர்எக்ஸ்-7 வென்றது. 1995இல் பந்தயம் ஈஸ்டர்ன் க்ரீக்குக்கு இடம் மாறியபோது, மாஸ்டா ஆஸ்திரேலியா அதற்கென்றே உருவாக்கிய எஸ்பி வகைக் காரில் ஜான் போவும் டிக் ஜான்சனும் வென்றார்கள். ஜிடி-ஆரின் வெற்றிகளைப் பெற்றுத் தந்தவை பந்தயத்துக்கெனத் தனியே கட்டப்பட்ட எஞ்சின்கள். ஆர்எக்ஸ்-7இன் வெற்றிகளில் ஓடியதோ, இன்று நாம் வாங்கும் காரில் இருப்பதற்கு மிக நெருக்கமான எஞ்சின். எளிதில் நொடித்துப்போகும் என்று பெயர் வாங்கிய அந்த ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்), பாதர்ஸ்டின் மலைப்பாதையில் 12 மணி நேரம் ஓடி முடித்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே எஞ்சின் 12 ஆண்டுகள் தாங்கும் என்பதற்கு அது சான்றாகாது என்பதும் உண்மையே.

இனி என் முடிவைத் தீர்மானித்த ஒரே காரணத்துக்கு வருகிறேன்: எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு எப்போது வரும், எப்படி வரும் என்பது. ரோட்டரிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எல்லாருக்கும் தெரியும்: ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் எஞ்சின் வேலை வந்துவிடும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆர்எக்ஸ்-7இன் 13பி ரோட்டரி எஞ்சினில் வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றின் முனைகளிலும் வாயு கசியாமல் தடுக்கும் மூன்று அபெக்ஸ் சீல்கள், பக்கச் சீல்கள், நீர்ச் சீல்கள், நடுவே ஓர் எக்ஸென்ட்ரிக் ஷாஃப்ட் என்று அசையும் பாகங்களும் தேயும் பாகங்களும் குறைவு. அதன் உடல்நிலையை வெளியிலிருந்தே அளக்கவும் முடியும். எஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்க ரோட்டரிக்கென்றே உள்ள கம்ப்ரஷன் கருவி, ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் தனித்தனி எண் தரும். அந்த எண்களை நிமிடத்துக்கு 250 சுழற்சி என்ற அளவுக்குத் திருத்தி ஒப்பிட்டால், எந்த முகம் தளர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். சாதாரண கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாதிடாமல் நகர்ந்துவிடுவது நல்லது.

இந்த எஞ்சின் திடீரென்று உயிரை விடுவதும் உண்டு. அப்போது பெரும்பாலும் வெப்பத்தையோ பூஸ்ட்டையோ (டர்போ தரும் காற்றழுத்தம்) கவனிக்காமல் விட்டது தெரியவரும். எஃப்டியில் தாராளமாக வழிவிடும் எக்ஸாஸ்ட் குழாயைப் பொருத்தினால், டர்போவின் அழுத்தம் கட்டுப்பாட்டை மீறி ஏறி, அதற்கு ஈடான பெட்ரோல் கிடைக்காமல், எஞ்சின் தட்டத் தொடங்கி அபெக்ஸ் சீல் உடையும். குளிரூட்டும் நீரிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டி பழசாகி வெடித்து, சூட்டிலேயே எஞ்சினைக் கொன்றதும் உண்டு. இவை இரண்டும் முன்கூட்டியே சரிசெய்யக்கூடியவை. குளிர்ந்த எஞ்சினை இயக்கி, காரைச் சற்றே நகர்த்திவிட்டு உடனே அணைத்தால் பெட்ரோல் நிரம்பி மறுபடி கிளம்பாமல் அடம்பிடிக்கும் என்பதைப் புதியவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். என் வீட்டு வாசலில் காரை இடம் மாற்ற வேறு எவருக்கும் அனுமதி இல்லை.

ஜிடி-ஆரின் ஆர்பி26 இவ்வளவு வெளிப்படையானது அல்ல. அதன் இரும்பு பிளாக் வலுவானதுதான். ஆனால் முற்கால ஆர்32 எஞ்சின்களில், ஆயில் பம்ப்பைச் சுழற்றும் க்ராங்க் ஷாஃப்ட் முனையில் பற்றுப்பரப்பு குறுகலாக இருந்ததால், உயர் சுழற்சியில் பம்ப்பின் பற்சக்கரம் உடைந்து, எண்ணெய் அழுத்தம் நொடியில் காணாமல் போகும். தொழிற்சாலை டர்போக்களின் செராமிக் சக்கரங்கள் கூடுதல் பூஸ்ட்டில் சிதறும். நீண்ட வளைவுகளில் எண்ணெய் சிலிண்டர் ஹெட்டிலேயே தேங்கி, கீழே பற்றாக்குறை ஏற்படும். இவற்றில் பம்ப்பும் டர்போவும் கம்ப்ரஷன் சோதனையில் தெரியமாட்டா. எஞ்சினைப் பிரித்த பிறகும் 24 வால்வுகள், ஆறு தனித்தனி த்ராட்டில்கள், பிளாக்கின் கடைசல் வேலை என்று பட்டியல் நீளும். நான் ஜிடி-ஆரை நண்பரின் தயவில் ஓட்டியிருக்கிறேனே தவிர, சொந்தமாக வைத்திருந்ததில்லை. அதன் பராமரிப்பைப் பற்றி இங்கே சொல்வதில் பாதி, அவருடைய மெக்கானிக் பக்கத்தில் நின்று கேட்டறிந்தது.

ட்யூனிங்கில் இலக்கு குதிரைத்திறன் மட்டும் என்றால் பேச்சுக்கே இடமில்லை. 280 குதிரைத்திறன் என்ற உற்பத்தியாளர்களின் உடன்பாட்டுக்காக அடக்கி வைக்கப்பட்ட ஆர்பி26ஐ எச்கேஎஸ், நிஸ்மோ, மைன்ஸ் போன்ற ட்யூனிங் நிறுவனத்தார் பல மடங்கு உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள். ரோட்டரியின் பக்கம் இசாமி அமெமியாவின் ஆர்இ அமெமியா நிறுவனம் நிற்கிறது. 2006இல் ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரின் ஜிடி300 பிரிவுப் பட்டத்தை அவர்களுடைய ஆர்எக்ஸ்-7 வென்றது, அதுவும் மூன்று ரோட்டர் எஞ்சினுடன். ஆனால் சாலையில் ஓட்டுபவருக்கு எஃப்டியின் சிறப்பு வேறு. ஆர்32இன் எடை 1,430 கிலோ. எஃப்டி ஏறத்தாழ 1,250 கிலோ. தொடக்க எஃப்டியில் இருந்த 255 குதிரைத்திறனே அந்த எடைக்குப் போதும். என் காரை அந்த அளவிலேயே வைத்திருக்கிறேன். அதற்கு மேல் ஏற்றினால் எஞ்சினின் ஆயுள் எப்படி மாறும் என்பதைச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

மறுவிற்பனையில் ஜிடி-ஆர் பாதுகாப்பான இடம். 2014 முதல், 25 ஆண்டு பழைய கார்களை இறக்குமதி செய்ய அனுமதிக்கும் விதியின்படி அமெரிக்காவுக்குள் நுழைய முடிந்ததும் அதன் சந்தை விரிந்துவிட்டது. உதிரிபாகங்களை இரு நிறுவனங்களும் மீண்டும் தயாரித்துத் தருகின்றன. விலையைக் கேட்டு மலைக்கக்கூடாது.

மழை மிகுந்த மலைச்சாலைகளில் ஓட்டுபவருக்கும், பின்னிருக்கையில் ஆட்களை உட்காரவைக்க வேண்டியவருக்கும் எஃப்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு சக்கர இயக்கத்துக்கு அதனிடம் பதில் இல்லை, அதன் பின்னிருக்கையும் பைகளுக்கே பொருந்தும். அவர்கள் ஜிடி-ஆரையே வாங்கட்டும். விலை பேசத் தொடங்கும் முன், ஆயில் பம்ப்பும், க்ராங்க் முனையின் பற்றுப்பரப்பை அகலமாக்கும் காலரும் மாற்றப்பட்டதற்கான ரசீதைக் கேட்கட்டும். ரசீது இல்லையென்றால், எஞ்சினைப் பிரித்துக் கட்டும் முழுச் செலவையும் விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசட்டும்.