காலுக்கு மட்டும் காற்று

கொட்டகலையில் இருக்கும் மச்சான் போன கிழமை கேட்டான்: "உங்க கார் மாதிரியே ஒன்னு விலைக்கு வருது, வாங்கலாமா?"

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் அஞ்சு வருசமாக இதைத்தான் ஓட்டுகிறேன். பெற்றோல் அதிகம் குடிக்காது, நாலு பேரோடு ரதல்ல ஏற்றத்திலும் திணறாது. அதையெல்லாம் விடுங்கள். என் வயிற்றெரிச்சல் வேறு.

போன மழையில் ஒருநாள், ஏசியை முகத்துக்கு வைத்தாலும் கண்ணாடிக்கு வைத்தாலும் காற்று முழுக்கக் காலுக்கே போனது. கொழும்பில் இது சின்ன விசயம். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில், பனிமூட்டத்துக்குள், காரில் நாலு பேர் மூச்சு விட்டாலே முன்கண்ணாடி பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி என்று நானுஓயா வளைவுகளில் வந்திருக்கிறேன். ஜன்னலை இறக்கினால் மடியில் மழை.

முதலில் போன கராஜில் ஏசிக்கு கேஸ் அடித்தார்கள். காசு போனது, காற்று காலை விட்டு நகரவில்லை. குளிர் வருகிறது, விசிறி வேகம் மாறுகிறது, திசை மட்டும் மாறவில்லை என்றால் கேஸ் என்ன செய்யும்? சாவி போட்டதும் டேஷ்போர்டுக்குள் 'டக் டக் டக்' என்று கொஞ்ச நேரம் அடிக்கும். அதை யாரும் காது கொடுத்துக் கேட்கவேயில்லை.

தலவாக்கலையில் ஒரு மெக்கானிக் பாஸ்தான் கேட்டார். குளோவ் பொக்ஸைக் கழற்றி, என் விரலை இழுத்து உள்ளே ஒரு சின்னப் பெட்டியில் வைத்தார். ஒவ்வொரு டக்குக்கும் அது விரலில் துடித்தது. காற்றைத் திருப்பும் கதவை அசைக்கிற மோட்டார் அது. கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மூன்று பல் இல்லை. பற்றரி வயரைக் கழற்றி மாட்டினால் சில கார்களில் மோட்டார் தன் எல்லையை மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளும். உடைந்த பல் அப்படி முளைக்காதே!

கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய மோட்டார் ஒன்று பஸ்ஸில் வந்தது. மாட்டி, கண்ணாடிப் பட்டனை அமுக்கினேன். கீழே கையகலம் தெளிந்து, அப்படியே மேலே விரிந்தது. குளிரில் ஏசி எதுக்கு என்று கேட்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரத்தை ஏசிதான் பிடித்துக் காருக்கடியில் சொட்டவிடுகிறது. உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை மட்டும் மழையில் தொடாதீர்கள்.

பார்க்கப்போனால் நல்ல கார். எஞ்சினில் இதுவரை கை வைத்ததில்லை. அதையே மச்சானுக்கும் சொல்லலாம் என்று இருந்தேன். இன்று காலை சாவி போட்டதும் உள்ளே ஒரு 'டக்'. ஒன்றே ஒன்றுதான்.

"வேணாம் மச்சான்" என்று அனுப்பிவிட்டேன்.