கேம்பர் வேன்ல பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, கீரிப்பாறை: வண்டி கொள்ளாம், குடுத்தவங்கதான் சரியில்ல

வண்டிக்கு பத்துக்கு ஏழரை போடலாம், அத வாடகைக்கு குடுத்தவங்களுக்கு நாலுதான் போட முடியும். பேர் எழுதல, ஒரு பணத் தகராறு இன்னும் முடியாம கெடக்கு, அது முடியட்டும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ள கேம்பர் வேன், அதாவது உள்ளயே படுத்து சமைச்சுக்கிடுற வண்டி, எடுத்து சுத்துனா எப்படி இருக்கும்னு யோசிக்கிறவங்களுக்கு மட்டும் இது.

ஓணம் லீவு கழிஞ்சு கூட்டம் கொறஞ்ச நேரமா பாத்து நானும் கூட்டுக்காரனும் எடுத்தோம். நாள் வாடகை 6,500, 150 கிலோமீட்டர் வரைக்கும் ஃப்ரீ, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 15 ரூவா, அட்வான்ஸ் 10,000. கிலோமீட்டர் கணக்க பாத்து பயப்படாண்டாம், நாகர்கோவில்ல இருந்து பேச்சிப்பாறையே நாப்பது சொச்சம்தான், நம்ம மாவட்டத்துல குறுக்கும் நெடுக்கும் ஓடுனாலும் ஒரு நாளைக்கு 150 தாண்டுறது கஷ்டம். காசு போறது வேற வழியில, வண்டிய நிறுத்திப் போட்டு ஏசி ஓட்டுனா டீசல் போற வேகம் இருக்கே, சவம், அத மட்டும் கவனிச்சுக்கிடுங்க.

வண்டி பழைய டிராவலர் வேன மாத்திப் பண்ணது. உள்ள ஒரு பெரிய கட்டில், உக்காருற சீட்ட மடக்கி விரிச்சா இன்னொரு படுக்கை, ரெண்டு பேரு தாராளமா நீட்டி படுக்கலாம், ஆறடிக்கு மேல உயரம்னா கால் கதவுல முட்டும். தண்ணி டேங்க் 60 லிட்டர், சின்ன ஃப்ரிட்ஜ், மேல சோலார் பேனல், பக்கத்துல இழுத்து விடுற தார்ப்பாய் பந்தல். அடுப்பு பின் கதவத் தொறந்தா வெளிய இழுக்குற மாதிரி ஒரு தட்டுல இருக்கு, இதுதான் வண்டியிலயே நல்ல விஷயம், ஏன்னா சமையல் வாசம் உள்ள ஏறாது. ஆனா அந்த தட்டுக்கு லாக் கிடையாது. சமதரையில ஒண்ணும் தெரியாது, பெருஞ்சாணி பக்கம் ஒரு எறக்கத்துல நிறுத்தி கதவத் தொறந்ததும் அடுப்பு, எண்ண குப்பி, உப்பு டப்பா எல்லாத்தையும் சொமந்துகிட்டு தட்டு தன்னால வெளிய வந்து கூட்டுக்காரன் வயித்துல இடிச்சுது, அவன் ‘எடே மக்கா பிடி பிடி’ன்னு ரெண்டு கையாலயும் அணைச்சு நிக்கான், நான் கல்லு தேடி ஓடுறேன். அதுக்கப்புறம் ஒரு சாக்குக் கயிறு வாங்கி கட்டிக்கிட்டோம். பத்து ரூவா கொக்கி போட்டிருந்தா தீந்திருக்கும்.

குலசேகரம் தாண்டுனா ரெண்டு பக்கமும் ரப்பர்தான். பாக்க நல்லா இருக்கும், காலையில பால் வெட்டுற ஆளுங்க தலையில லைட்ட கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் போறத படுக்கையில கெடந்தே பாக்கலாம், ஷீட் காயப் போட்டிருக்குற எடத்துல அந்த புளிச்ச வாடையும் சேந்து வரும், எங்களுக்கு அது ஊரு வாசம், வெளியூர்க்காரங்க மூக்கப் பொத்துவாங்க. ஆனா சோலார் பேனல் வச்ச வண்டிக்கு ரப்பர் தோட்டம் ஆகவே ஆகாது. எல உதிருற தை மாசி தவிர மத்த நாள்ல வெயில் கீழ எறங்காது. பகல் பூரா நிழல்ல நிறுத்துனதுல பேட்டரி ஏறல, ராத்திரி பாதியில ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு, காலையில சாயாவுக்கு வச்சிருந்த பால் திரிஞ்சு போய் கட்டஞ்சாயாதான் குடிச்சோம். நாகர்கோவில்ல தொழில் பண்றவங்களுக்கு ரப்பர் தெரியாதா, சாவி குடுக்கும்போது ‘பகல்ல ரெண்டு மணி நேரம் வெட்டவெளியில போடுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்.

பேச்சிப்பாறை பத்தி சொல்லாம விட முடியாது. 1897ல ஆரம்பிச்சு 1906ல முடிச்ச அணை, ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலம், கட்டுன இஞ்சினியர் மிஞ்சின் துரை, அவர அணைப் பக்கத்துலயே அடக்கம் பண்ணிருக்கு, பழைய ஆளுங்க மூக்கன் துரைம்பாங்க. 48 அடி கொள்ளளவு. தண்ணி நெறஞ்சு கெடக்கும்போது மலை அப்படியே உள்ள விழுந்து கெடக்கும், அக்கரையில உள்ள காணி பழங்குடி குடியிருப்புல இருந்து ஆளுங்க படகுல வந்து போறதயும் பாக்கலாம். அந்தத் தண்ணிய பாத்துகிட்டு தார்ப்பாய் பந்தலுக்கு கீழ மரச்சீனிக் கெழங்கு வேகவச்சு, குலசேகரத்துல வாங்குன சாளை மீன தேங்கா அரச்சு குழம்பு வச்சு தின்னோம். ஹோட்டல் ரூம் எடுத்திருந்தா இது நடக்காது, 6,500 ரூவாய்க்கு எனக்கு இந்த ஒரு மத்தியானம் போதும்.

சிக்கல் ராத்திரிதான். அவங்க விளம்பரத்துல அணைக்கரையில வண்டிய போட்டு, பக்கத்துல தீ மூட்டி, நட்சத்திரம் பாக்குற மாதிரி படம் போட்டிருக்காங்க. நேர்ல இருட்டுனதும் வாட்ச்மேன் வந்து ‘இங்கன போடப்பிடாது, எடுங்க’ன்னுட்டாரு, அவரு சொன்னது நியாயம்தான். வனத்துறை எடத்துல சொல்லவே வேண்டாம், யானை எறங்குற காடு. ஃபோன் பண்ணி கேட்டா ‘நீங்களே ஒரு நல்ல எடமா பாத்துக்கிடுங்க சார்’னு பதில் வருது. கடைசியில ரோட்டோரம் ஒரு வீட்டுல கேட்டோம், அந்த அம்மா நம்மள மேலயும் கீழயும் பாத்துட்டு ‘எங்க உள்ள பிள்ளைய?’ன்னு கேட்டாவ, ஊரச் சொன்னதும் விளைக்குள்ள வண்டிய போட விட்டாவ, கெணத்துல கோரி டேங்க நெறச்சுக்கிடவும் சொன்னாவ. காசு குடுத்தா வாங்கல, மட்டிப் பழம் ஒரு சீப்பு வேற தந்து விட்டாவ. நமக்கு நடந்துச்சு, மெட்ராஸ்ல இருந்து வாற ரெண்டு பசங்களுக்கு இது நடக்குமா? வழியில ரெண்டு மூணு வீட்டுக்காரங்களோட பேசி ராத்திரிக்கு ஒரு தொகை பேசி வச்சிருந்தா அவங்களுக்கும் வருமானம், நமக்கும் கக்கூஸ் பிரச்சன இல்ல. இந்த வாடகையில பாதி அதுக்குத்தான் வாங்கணும்னு சொல்லுவேன்.

மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம், பறளியாத்துக்கு குறுக்க 28 தூணு, மேல ஏறி நடந்தா காலு கூசும், எல்லாரும் பாத்ததுதான். திற்பரப்புல குளிச்சோம், ஆனா பேச்சிப்பாறையில மறுகால் தொறந்துட்டா அங்க குளிக்க விடமாட்டாங்க, மழ நாள்ல கெளம்புறவங்க அணை நிலவரத்த பேப்பர்ல பாத்துட்டு எறங்குங்க.

பெருஞ்சாணியில இருந்து சுருளகோடு, தடிக்காரன்கோணம் வழியா கீரிப்பாறை போற ரோடு அழகு, ஆனா இந்த வண்டிக்கு கொஞ்சம் ஒடுக்கம். எதுத்தாப்புல பஸ் வந்தா ரிவர்ஸ்தான், கூட்டுக்காரன் எறங்கி நின்னு ‘வா வா, நில்லு’ன்னு தொண்ட கட்டுற வரைக்கும் கத்துனான். மேல சோலார் பேனல் இருக்கே, தாழ்ந்த கொப்பெல்லாம் அதுல உரசும். வண்டியோட உயரம் எத்தன அடின்னு டிரைவர் சீட்டு முன்னால ஒட்டியிருக்கணும், இதுல எங்கயும் இல்ல. ரயில்வே பாலத்துக்கு அடியில போகும்போது என்ன செய்ய, எறங்கி நின்னு கண்ணளவுலதான் பாத்தோம்.

ஆரல்வாய்மொழியில நிறுத்தி சமைக்கலாம்னு ஆசைப்படாண்டாம். ரெண்டு மலைக்கு நடுவுல உள்ள கணவாய், தென்மேற்கு காத்து அத்தனையும் அதுல புகுந்துதான் முப்பந்தல் காத்தாடியெல்லாம் சுத்துது, ஆவணியிலயும் அந்த காத்து அடங்குறதில்ல. உயரமான வண்டி, தொட்டில் மாதிரி ஆடுது, தார்ப்பாய விரிச்சா பிச்சுக்கிட்டு போயிரும், அடுப்புல தீ நிக்காது. ரோட்டோரக் கடையில ரசவடையும் சாயாவும் குடிச்சுட்டு கெளம்பிட்டோம். அதுக்கு பதிலா தேரூர் குளத்துக்கரை எவ்வளவோ மேல், சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல்ல, சேந்த குளங்க, வெளிநாட்டுப் பறவைக்கு ஐப்பசி தாண்டணும், இப்பம் தாமரையும் கொக்கும் நீர்க்காகமும்தான், எங்களுக்கு அதுவே போதும்.

எடுக்கப் போறவங்க சாவி வாங்கும்போதே கொசு வலைய விரிச்சு வெளிச்சத்துல பாருங்க, எங்க வலையில கட்டவெரல் போற அளவுக்கு ஓட்ட. பேட்டரி எத்தன மணி நேரம் நிக்கும்னு கேளுங்க. வண்டிய உள்ளயும் வெளியயும் சுத்தி வீடியோ எடுத்துக்கிடுங்க, கக்கூஸ் பெட்டியையும் சேத்து. நாங்க தொடவே தொடாத அந்த பெட்டிய ‘கிளீனிங்’னு சொல்லி அட்வான்ஸ்ல 800 ரூவா பிடிச்சுட்டாங்க. பெட்டி மேல ஒட்டுன சீல் அப்படியே இருக்குற வீடியோவ அனுப்பிட்டோம், ரெண்டு நீல டிக்கும் விழுந்துட்டு, கேட்டா ‘ஓனர் வந்ததும் பேசுறோம்’ங்காவ. ஓனரு எங்க போனாருன்னு தெரியல.