அடுக்குத் தட்டு மண்புழுத் தொட்டி: அடுக்குமாடி வீட்டுக்கு வாங்கலாமா?

மேலே ஒரு மூடி, அடியில் துளையிட்ட மூன்று தட்டுகள், அதற்குக் கீழே குழாய் வைத்த வடிநீர்த் தொட்டி, நான்கு கால்கள். சமையலறைக் கழிவை மண்புழு கொண்டு உரமாக்க இணையக் கடைகளில் வெவ்வேறு பெயர்களில் விற்கும் பிளாஸ்டிக் தொட்டிகள் பெரும்பாலும் இந்த அமைப்புதான். கீழ்த்தட்டில் தீனி தீர்ந்ததும் புழுக்கள் தாமாகவே மேல்தட்டுக்கு ஏறிவிடும், கீழே உரம் மட்டும் மிஞ்சும் என்கிறது விளம்பரம்.

நடக்கும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மேல்தட்டின் அடிப்பாகம் கீழ்த்தட்டிலுள்ள உரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலே புழு ஏறாது. கழிவு மட்க மட்க மட்டம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே கீழ்த்தட்டு நிறைந்து, மட்டம் இறங்குவது நின்ற பிறகுதான் அடுத்த தட்டை வைக்க வேண்டும். முதல் நாளே மூன்றையும் அடுக்கினால் மேலே இரண்டு தட்டுகள் காய்ந்து சும்மா கிடக்கும்.

வாங்கும்போது குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொட்டியின் தரைமட்டத்தைவிடச் சற்று உயரத்தில் குழாயைப் பொருத்தியிருந்தால் அடியில் தேங்கும் நீர் வெளியேறாமல் நாறும். பின்கால்களுக்கு அடியில் ஒரு ஓட்டுச்சில்லு வைத்துத் தொட்டியை முன்பக்கம் சாய்த்தால் இதைச் சமாளிக்கலாம். தட்டின் துளைகள் 5, 6 மில்லிமீட்டராவது இருக்கட்டும். வடிநீர்த் தொட்டியின் நடுவே மேடு வைத்த வகை நல்லது. கீழே விழுந்த புழு அதில் ஏறித் திரும்ப வந்துவிடும்.

நம் ஊரில் இந்தத் தொட்டியின் பெரிய குறை வெயில். பிளாஸ்டிக் மூச்சு விடாது. உள்ளே 35 டிகிரியைத் தாண்டினால் ஐசீனியா ஃபெட்டிடா என்ற மண்புழு வகை தாங்காது. ஊட்டி, கொடைக்கானலுக்கு அது பொருத்தம். சமவெளிக்கு யூட்ரிலஸ் யூஜீனியே அல்லது நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் கேட்டு வாங்குங்கள். பெரியோனிக்ஸ் மழை இரவுகளில் கூட்டமாக வெளியேறப் பார்க்கும். தொட்டிக்கு மேல் ஒரு விளக்கை எரியவிட்டால் உள்ளேயே இருக்கும். எந்தப் புழுவானாலும் சித்திரை, வைகாசியில் மதிய வெயில் படாத மூலையும், மூடிக்கு மேல் ஈரச் சாக்கும் கட்டாயம்.

புழு வாழும் படுக்கைக்கு 650 கிராம் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி ஒன்று போதும். நீரில் ஊறினால் எட்டு, ஒன்பது லிட்டர் வரை விரியும். அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு முறையாவது அலசிப் பிழியுங்கள். கைப்பிடி எடுத்து இறுக்கினால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். ஆறிய பழைய சாணம் இரண்டு கைப்பிடி கலக்கலாம். பச்சைச் சாணம் சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும். 250 கிராம் புழு விட்டு, இரண்டு நாள் தீனி போடாமல் பழகவிட்டு, பிறகு நாளுக்கு 100 கிராம் என்று தொடங்குங்கள். நன்றாகப் பழகிய புழு நாளுக்குத் தன் எடையில் பாதிவரை தின்னும். போட்டது தீரும் முன்னே அடுத்ததைப் போடுவதால்தான் பல தொட்டிகள் நாறிப் போகின்றன.

வாழைப்பழத்தோல், பூசணி, சுரைக்காய்த் தோல், கீரைத்தண்டு, டிகாக்‌ஷன் சக்கை, தேயிலைச் சக்கை எல்லாம் பொடியாக நறுக்கிப் போடலாம். புளிச்சக்கை, எலுமிச்சைத்தோல், வெங்காயம், பூண்டு, மிளகாய், உப்பும் எண்ணெயும் பட்ட எதுவும், தயிர், மீன், இறைச்சி வேண்டாம். மிஞ்சிய சோறும் மாவும் புளித்துச் சூடேறும். உண்ணிகளும் வெள்ளை நூல்புழுக்களும் பெருகுவது அதனால்தான். முருங்கைச் சக்கை, தேங்காய் நார் மட்குவதற்குள் மற்ற எல்லாம் உரமாகிவிடும், தனியே வையுங்கள். காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு வாரம் ஒரு கரண்டி தூவினால் புளிப்பு தணியும்.

எறும்பு வந்தால் படுக்கை காய்ந்துவிட்டது என்று பொருள். நீர் தெளித்து, கால்களைச் சோப்பு நீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பழ ஈ மொய்த்தால் கழிவை ஓர் அங்குல ஆழத்தில் புதைத்து மேலே கோகோபீட் போடுங்கள். புழு உடல் முடிச்சு முடிச்சாக வீங்கினால் புரதமும் புளிப்பும் மிஞ்சிவிட்டன. உயிரோடிருப்பவற்றை உடனே புதுப் படுக்கைக்கு மாற்ற வேண்டும், காத்திருந்து பயனில்லை.

குழாயில் வருவதை மண்புழுக் குளியல் நீர் (செடிக்குத் தெளிக்கும் வெர்மிவாஷ்) என்று விற்பனையாளர்கள் சொல்வது தவறு. அது அழுகிய கழிவின் வடிநீர். நாற்றமில்லாவிட்டால் பத்து மடங்கு நீர் சேர்த்துப் பூச்செடியின் வேருக்கு ஊற்றலாம், கீரையின் இலையில் தெளிக்க வேண்டாம். தினமும் நிறைய வடிந்தால் படுக்கையில் ஈரம் அதிகம். கிழித்த அட்டைப்பெட்டித் துண்டுகளைக் கலந்துவிடுங்கள்.

மூன்று, நான்கு மாதத்தில் முதல் தட்டு தயாராகும். வெளிச்சத்தில் குவித்து வைத்தால் புழுக்கள் அடியில் ஒதுங்கும். மேல் அடுக்கைச் சுரண்டிச் சலித்தெடுக்கலாம். சல்லடையில் நிற்கும் எலுமிச்சை வடிவ மஞ்சள் மணிகள் புழுக்கூடுகள். அவற்றை எறியாமல் அடுத்த தட்டில் போடுங்கள்.

இரண்டு, மூன்று பேர் இருக்கும் வீட்டில் நிழலான பால்கனி இருந்தால் தாராளமாக வாங்கலாம், இரண்டு தட்டு வகையே போதும். வெயில் அடிக்கும் மொட்டை மாடி மட்டுமே உள்ளவர்கள் இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். அடியில் துளையிட்ட இரண்டு அகலமான மண்பானைகளை நிழல்வலைக்குக் கீழே வைத்தால் பிளாஸ்டிக்கைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.