ஒன்ட்டா தட்டு வாங்கப் போறீங்களா? தெளிச்சத எடுங்க

ஜப்பான்ல கியூஷு பக்கம் பீங்கான்னு பேச்சு வந்தாலே எல்லாரும் அரிட்டா ஊரு பீங்கானத்தான் சொல்லுவாங்க, அதுவும் அழகுதான், ஆனா தினமும் சோறு போட்டுச் சாப்பிடறதுக்கு என் ஓட்டு ஒன்ட்டாவுக்கு. ஓயிட்டா மாநிலத்துல ஹிட்டான்னு ஒரு டவுன், அதுக்கு மேல மலைக்குள்ள சராயாமான்னு ஒரு குட்டி ஊரு, அங்க செய்யற மண் பாண்டந்தான் ஒன்ட்டா. இப்ப பாண்டம் செய்யறது மொத்தமே ஒன்பது வீடு. 1705ல பக்கத்துல இருக்கற கொயிஷிவாராவுல இருந்து ஒரு குயவர கூட்டிட்டு வந்து ஆரம்பிச்ச தொழில், வெளியாள் யாரையும் சேத்துக்காம அப்பனுக்கு அப்புறம் புள்ளைன்னே இன்னிக்கு வரைக்கும் ஓடுது. செஞ்சவரோட பேரு அடியில இருக்காது, எந்த வீட்டுல செஞ்சாலும் அது ஒன்ட்டா தட்டு, அவ்ளோதான்.

ஊருக்குள்ள போனதும் மொதல்ல கேக்கறது மண்ணு இடிக்கற சத்தம். இடிக்கற உலக்கைய கரவுசுன்னு சொல்றாங்க, பெரிய மரத்தடி, ஒரு முனைய குழியா குடைஞ்சிருப்பாங்க, ஓடைத் தண்ணி அதுல ரொம்புனதும் நம்ம ஊரு ஏத்தம் மாதிரி அந்தப் பக்கம் சாயும், தண்ணி கொட்டும், மறு முனை தொம்முன்னு மண்ணு மேல விழும். ராத்திரி பகல் இதே வேலைதான், ஒரு தடவ போட்ட மண்ணு தூளாக வாரக்கணக்கா ஆகும். ஸோ எவ்ளோ ஆர்டர் வந்தாலும் ஓடை இடிச்சுக் குடுக்கற மண்ணுக்கு மேல ஒரு தட்டு கூட செய்ய முடியாது, "ஸ்டாக் இல்ல"ன்னு சொன்னா அதான் காரணம். 2017 ஜூலை மழையில வெள்ளம் வந்து இந்த கரவுசெல்லாம் நல்லா அடி வாங்குச்சு, திரும்ப சரி பண்ணி ஓட்டறாங்க.

சரி, எத வாங்கறது? கடைக்குப் போறவங்க நிறைய பேரு டோபிகன்னா போட்ட தட்டத்தான் எடுக்கறாங்க. கறுப்பு மண்ணு மேல வெள்ள மண்ண கரைச்சு பூசிட்டு, சக்கரம் சுத்தும்போது வளைஞ்ச இரும்புப் பட்டைய லேசா வச்சா அது துள்ளித் துள்ளி வட்டமா கொத்திட்டே போகும், அந்த சின்னச் சின்ன வெட்டுதான் டோபிகன்னா. போட்டோவுக்கு சூப்பர். ஆனா இப்ப அதே டிசைன கொயிஷிவாரா சாமான்லயும் நிறைய பாக்கலாம், பாத்து பாத்து எனக்கு சலிச்சுப் போச்சு.

நான் சொல்றது உச்சிகக்கே. அகப்பையில கிளேஸ, அதாவது சூளையில சுட்டா கண்ணாடி மாதிரி ஆகற பூச்ச, மொண்டு மணிக்கட்ட ஒரு வெட்டு வெட்டி தட்டு மேல வீசறது. பச்ச, தேன் கலரு, கறுப்புன்னு சில கலருதான், ஆனா விழுந்த எடத்துல கெட்டியா நிக்கும், ஓரத்துல மெலிஞ்சு கீழ இருக்கற வெள்ளை எட்டிப் பாக்கும். என் கிட்ட இருக்கறது ஏழு சுன் தட்டு, அதாவது 21 சென்டிமீட்டர் சுமார், விளிம்ப சுத்தி பச்சையும் தேன் கலரும் மாத்தி மாத்தி விழுந்திருக்கு, ரெண்டும் மோதுன எடத்துல ஒரு பாசிக் கலரு வந்திருக்கு பாருங்க, அத யாரும் பிளான் பண்ணி வரைய முடியாது. ஒரு பச்சத் துளி மட்டும் நடுவுக்கு ஓடி வந்து நின்னுடுச்சு, அதுக்காகவே எடுத்தேன். ஒன்னு மாதிரி இன்னொன்னு இருக்காது, அதனால ஆன்லைன்ல வாங்காதீங்க, நேர்ல நாலஞ்ச வரிசையா வச்சுப் பாத்து எடுக்கறதுதான் சுகமே.

சாதாரண ஜனங்களோட கைவேலைப் பொருள்தான் அழகுன்னு எழுதுன ஜப்பான்காரரு யனகி சோயெட்சு 1931ல இங்க வந்துட்டுப் போய் எழுதுன பிறகுதான் வெளில பேரு பரவுச்சு, 1954ல இங்கிலாந்து குயவர் பெர்னார்ட் லீச்சும் வந்து தங்கி வேலை செஞ்சாரு, 1995ல அரசாங்கம் முக்கியமான பண்பாட்டுச் சொத்துன்னு அறிவிச்சுடுச்சு. இவ்ளோ புகழ் வாங்குன சாமான ஷோகேஸ்ல வைக்கணுமோன்னு தோணும். வைக்காதீங்க, இது சோத்துக்கு செஞ்சது.

நம்ம சாப்பாட்டுக்கு எப்படின்னா, தயிர் சாதமும் பொரியலும் தேன் கலரு மேல அட்டகாசமா இருக்கு. சாம்பார் ஓகே. மஞ்சளும் எண்ணெயும் ரொம்ப நேரம் நின்னா வெள்ளப் பகுதி கறை புடிக்கும், அத மறைக்க மாட்டேன். புதுசுல அரிசி கழுவுன தண்ணியில போட்டு கொதிக்க வைக்க சொல்லுவாங்க, செய்ங்க, அப்புறமும் சாப்பாடு போடறதுக்கு முன்னாடி தட்ட தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுங்க. அடிப்பாகம் கிளேஸ் இல்லாம சொரசொரன்னு இருக்கும், மேசைய கீறும், துணி போட்டுக்கோங்க. கனம் கொஞ்சம் ஜாஸ்தி. மைக்ரோவேவ், டிஷ்வாஷர் ரெண்டும் வேணாம்.

கைவேலைக்கு விலை நியாயம், சின்ன தட்டு ரெண்டாயிரம் யென்னுக்குள்ள கெடைக்கும். ஹிட்டா ஸ்டேஷன்ல இருந்து பஸ் இருக்கு, ஆனா நாளைக்கு சிலதுதான், திரும்புற டைம மொதல்ல பாத்து வச்சுக்கோங்க. அக்டோபர்ல ரெண்டாவது சனி ஞாயிறு திருவிழா நடக்கும், தெருவெல்லாம் தட்டா பரப்பி வச்சிருப்பாங்க, கூட்டமும் அதுக்கேத்த மாதிரி. நல்ல தட்டு வேணும்னா காலையிலயே போயிடுங்க, கார்ட நம்பாம கையில காசு எடுத்துட்டுப் போங்க.