பழைய பத்திரங்களை நம்பிக் கொடுக்கத்தக்க கடை: மஞ்சக்குப்பத்து ஸ்கேன் சேவை குறித்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களை ஒட்டிய தெருக்களில் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆதார் நகலோ, மனுவோடு இணைக்க வேண்டிய பட்டா நகலோ எடுப்பதென்றால் எந்தக் கடையில் எடுத்தாலும் ஒன்றுதான். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் கணினியில் ஏற்றி வைக்க வேண்டும் என்று வரும்போதுதான் கடைக்குக் கடை வேறுபாடு தெரிகிறது. அந்த வேலையைப் பொறுப்போடு செய்து தரும் சிறிய கடை ஒன்று அங்கே இருக்கிறது. பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் என்று எல்லாக் கடைகளிலும் உள்ளதுதான் எழுதியிருக்கிறது. உள்ளே இருக்கும் இயந்திரங்களும், அவற்றின் குணமறிந்து இயக்குபவர்களும்தான் வேறு. எங்கள் குடும்ப ஆவணங்கள் முழுவதையும் அங்கே ஸ்கேன் செய்து வாங்கியவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நனைந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. தகரப் பெட்டிக்குள் இருந்த காகிதங்கள் தப்பினாலும், ஓரங்களில் ஈரம் ஏறிச் சில தாள்கள் நெளிந்துவிட்டன. முத்திரைத்தாளில் வண்ண அச்சு, அதன்மேல் நீலக்கறுப்பு மையில் கையெழுத்து, அதற்கும் மேல் பதிவு அலுவலகத்தின் ஊதா முத்திரை என்று ஒரே தாளில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. இவற்றைக் கறுப்பு, வெள்ளை என இரண்டே நிலைகளில் பதிவு செய்யும் சாதாரண முறையில் எடுத்தால் முத்திரை விழுந்த இடம் கரும் திட்டாகிவிடும். அதற்கு அடியில் உள்ள எழுத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கட்டைப் பிரித்துப் பார்த்ததும் இயந்திரத்தில் அமர்ந்திருந்த பெண் சொன்ன முதல் வார்த்தையே எனக்கு நம்பிக்கை தந்தது. "ஐயா, இதை ஃபீடர்ல விடமாட்டோம். கண்ணாடி மேல ஒவ்வொண்ணா வெச்சுத்தான் எடுப்போம், நேரமாகும், பரவாயில்லையா?" என்றார். தானாகவே தாள்களை இழுத்துக்கொள்ளும் ஃபீடர் அருமையான கண்டுபிடிப்புதான். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு போனால் அதைக் கண்டறிய நல்ல ஸ்கேனர்களில் மீயொலி உணரி வைத்திருக்கிறார்கள். தாள் வழியாக ஒலி அலையைச் செலுத்தும்போது, இரு தாள்களுக்கு இடையே சிக்கிய மெல்லிய காற்றுப் படலம் அந்த ஒலியைப் பெருமளவு தடுத்துவிடுவதால், மறுபக்கத்தில் ஒலி குறைந்தவுடன் இயந்திரம் நின்றுவிடும். அலுவலகக் கோப்புகளுக்கு இது பெரிய உதவி. மடிப்பில் இற்றுப்போன பத்திரத்துக்கோ அந்த உருளைகளே பகை. மேலும், ஃபீடரின் ஒடுங்கிய கண்ணாடியில் ஒரு துளி பசையோ தூசியோ ஒட்டியிருந்தால் அதன்பின் வரும் எல்லாப் பக்கங்களிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். கையெழுத்தின்மேல் அந்தக் கோடு விழுந்தால் அடித்தல் திருத்தலா என்ற ஐயம் வரும்.

எங்கள் பத்திரங்களை எடுத்தது தட்டைக் கண்ணாடி ஸ்கேனரில். இதிலும் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த மெல்லிய ஸ்கேனர்களில் உணரிப் பட்டை கண்ணாடியை ஏறக்குறையத் தொட்டபடியே நகரும். தாள் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தாலும் அந்த இடம் மங்கிவிடும். ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிசிடி என்ற உணரி கொண்ட வகையில் கண்ணாடிகளும் லென்ஸும் வழியாகப் பிம்பம் சுருங்கி உணரிக்குச் செல்வதால், நெளிந்த தாளும் தெளிவாகவே பதியும். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய அந்த சிசிடிக்குத்தான் 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பார்வையற்றோருக்கு அச்சுப் புத்தகத்தைப் படித்துக் காட்டும் இயந்திரத்தை ரே கர்ஸ்வைல் 1976இல் வெளியிட்டபோது, அதற்கென்றே சிசிடியைக் கொண்டு தட்டை ஸ்கேனர் ஒன்றும் உருவாக்கப்பட்டது. இந்தக் கடையில் இருப்பது சிசிடி வகை. பருமனாக, பழையதாகத் தெரிந்தாலும் நனைந்து நெளிந்த காகிதத்துக்கு அதுவே ஏற்றது.

அவர்கள் அங்குலத்துக்கு 400 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் எடுத்தார்கள். 14 அங்குல நீளத் தாளில் இது நீளவாக்கில் 5,600 புள்ளிகள். 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றியபோது நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 176 புள்ளிகளே இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் துறை வந்த தூரம் விளங்கும். இருபுறமும் எழுதிய மெல்லிய தாள்களில் மறுபக்கத்து மை ஊடுருவித் தெரிந்தது. அதற்கு அந்தப் பெண் எந்த மென்பொருளையும் நாடவில்லை. ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரு கறுப்பு அட்டையை வைத்தார். ஸ்கேனர் மூடியின் வெள்ளைப் பரப்பிலிருந்து திரும்பி வரும் ஒளிதான் மறுபக்கத்து எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கறுப்பு அட்டை அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் பின்பக்கம் அடங்கிவிடுகிறது.

வண்ணத்தில் எடுத்ததன் பயனைத் திரையிலேயே காட்டினார்கள். ஒரு பத்திரத்தில் எல்லை விவரம் எழுதிய பகுதியில் மை பழுப்பேறி வெளிறி, "கிழக்கே" என்ற சொல்லுக்குப் பின் இருந்த எண் கண்ணுக்குத் தெரியவில்லை. படத்தின் சிவப்பு, பச்சை, நீல அடுக்குகளைத் தனித்தனியே பிரித்து நீல அடுக்கை மட்டும் காட்டியபோது, பழுப்பு மை நீல ஒளியை உறிஞ்சுவதால் அந்த எண் கருமையாக எழுந்து வந்தது. நீல மை வெளிறியிருந்தால் சிவப்பு அடுக்கைப் பார்க்க வேண்டுமாம். பல ஆண்டுகளாகப் படிக்க இயலாதிருந்த ஒரு சர்வே எண்ணை அந்த நாற்காலியில் அமர்ந்தபடியே படித்த மகிழ்ச்சிக்கு விலை கிடையாது.

தைத்த கணக்குப் புத்தகம் ஒன்றும் எங்களிடம் இருந்தது. அதைக் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும் என்பதால், தலைக்கு மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனரில் எடுத்தார்கள். விரித்த புத்தகத்தின் பக்கங்கள் நடுவே வளைந்திருக்கும். அந்த வளைவைக் கணித்து வரிகளை நேராக்குவதுதான் இவ்வகைக் கருவியின் உயிர்நாடி. பெரிய அளவில் புத்தகங்களைப் படமெடுப்பதற்கு, பக்கத்தின் மீது அகச்சிவப்பு ஒளிக்கோலத்தை விழச்செய்து, வளைவை முப்பரிமாணத்தில் அளந்து நேராக்கும் முறையும் இருக்கிறது. இந்தக் கடையின் கருவி ஓரங்களின் வளைவை வைத்து ஊகிக்கும் எளிய வகை. அதனால் தையலுக்கு மிக அருகில் உள்ள எழுத்துகள் சற்று நெருங்கியே வந்திருக்கின்றன. தட்டை ஸ்கேனரின் கூர்மையும் இதில் இல்லை. படிக்க முடிகிறது, அவ்வளவே. ஆயினும் அழுத்தாமல், தொடாமல் எடுப்பதற்கு வேறு வழி இல்லாத ஆவணங்கள் உண்டு. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அத்தகைய ஓலைகளை ஜெராக்ஸ் கண்ணாடியில் வைத்து மூடியை அழுத்த யாருக்கு மனம் வரும்?

நான் மிக முக்கியமாகக் கருதுவது கோப்பைச் சேமிக்கும் முறையை. கோப்பின் அளவைக் குறைக்க ஸ்கேனர்கள் கையாளும் உத்திகளில் ஒன்று, பக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துத் துண்டுகளைத் தேடி, ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே திரும்பப் பதிப்பது. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் இந்த உத்தியால் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டறிந்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் அறையும் 17.42 சதுர மீட்டர் அறையும் ஸ்கேன் செய்த பிரதியில் 14.13 என்று மாறியிருந்தன. எழுத்து மங்கியிருந்தால் படிப்பவர் ஐயப்படுவார்; இங்கோ தவறான எண்ணே பளிச்சென்று இருந்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. அந்நிறுவனம் பின்னர் திருத்த மென்பொருளை வெளியிட்டது. நிலப் பத்திரத்தில் சர்வே எண் 116 என்பது 118 ஆகிவிட்டால் விளைவு என்னவாகும் என்பதை நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. இந்தக் கடையில் முதலில் தரம் இழக்காத டிஃப் கோப்பாகச் சேமித்து, அதிலிருந்தே பிடிஎஃப் தயாரிக்கிறார்கள். சிறிய கோப்பு கேட்டாலும் இரண்டையும் சேர்த்தே தருகிறார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொன்னால் மறுத்து, பென் டிரைவ் கொண்டுவரச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போகும் படம் மேலும் சுருக்கப்படும் என்பதால் அது சரியான மறுப்பு. தனித்தனி எண்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை.

ஸ்கேனில் இவ்வளவு அக்கறை காட்டிய கடை லேசர் அச்சிலும் சோடை போகவில்லை. 1969இல் ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி ஸ்டார்க்வெதர், நகலெடுக்கும் இயந்திரத்தின் உருளை மீது லேசர் ஒளியாலேயே எழுதலாம் என்று எண்ணினார். வேகமாகச் சுழலும் பலமுகக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளி, ஒரு முகத்துக்கு ஒரு வரி வீதம் உருளையில் கோடிழுக்க வேண்டும். முகங்களில் ஒன்று மயிரிழை சாய்ந்திருந்தாலும் வரிகள் ஏறி இறங்கும். அத்தனை துல்லியமாக முகங்களைத் தேய்ப்பதென்றால் செலவு கட்டுப்படியாகாது. அவர் ஓர் உருளை வடிவ லென்ஸை இடையில் வைத்து, முகம் சாய்ந்தாலும் ஒளி ஒரே வரியில் வந்து விழும்படி செய்தார். இன்று விலை குறைந்த லேசர் பிரிண்டர்கூட நேர்கோட்டை நேர்கோடாக அச்சிடுகிறதென்றால், இத்தகைய சிந்தனைதான் காரணம். எங்கள் நிலத்தின் அளவுப் படமான புலப்படத்தை அச்சிட்டபோது "பக்கத்துக்குள் பொருத்து" என்ற தேர்வை நீக்கி, நூறு விழுக்காட்டு அளவில் அச்சிட்டார்கள். வீட்டில் மூலத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லைக் கோடுகள் பொருந்தின. அச்சுப் பிரதிகளைச் சாதாரண பிவிசி உறையில் வைக்க வேண்டாம், அச்சுப் பொடியான டோனர் உறையில் ஒட்டிக்கொள்ளும் என்று எச்சரித்ததும் உண்மையான அக்கறை. மூலப் பத்திரத்தை லேமினேஷன் செய்யக் கேட்ட ஒருவரை, பலகையில் எழுதியிருந்தும், அவர்கள் திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. தேடக்கூடிய எழுத்தாக மாற்றித் தருவதாகச் சொல்லும் சேவை, அச்சுத் தமிழுக்கு ஓரளவு பயன்படுகிறது. கையெழுத்துப் பத்திரங்களில் அது முற்றிலும் வீண், அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். கோப்புகளுக்கு வரிசை எண் மட்டுமே இட்டுத் தருகிறார்கள். எது எந்தப் பத்திரம் என்று நாம்தான் பெயரிட்டுக்கொள்ள வேண்டும். தட்டை ஸ்கேனருக்குப் பக்கம் ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்பது ஜெராக்ஸ் விலையோடு ஒப்பிட்டால் அதிகமாகத் தோன்றலாம். ஒரு தாளுக்குச் செலவிடும் நேரத்தைப் பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். வேலை முடிந்ததும் கணினியில் உள்ள நம் கோப்புகளை நம் கண்ணெதிரே அழிக்கிறார்கள். ஆனால் அதை நாம் கேட்டால்தான் செய்கிறார்கள். கேட்காமலே செய்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

காலையில் மனு கொடுக்க வருவோர் கூட்டம் நிரம்பியிருக்கும். பழைய கட்டோடு போகிறவர்கள் பிற்பகலில் செல்வது நல்லது. துருப்பிடித்த குண்டூசிகளை வீட்டிலேயே நிதானமாகக் கழற்றிவிட்டு, பத்திர எண், ஆண்டு, பக்க வரிசை ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி எடுத்துச் சென்றால், அவர்களும் அந்த வரிசையிலேயே எடுத்துத் தருவார்கள்.